உங்களுக்குத் தெரியுமா? கெட்ட கனவைத் திருத்தி எழுதலாம்!

கண்ணை மூடினாலே பயமா? படுக்கையைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறதா? உங்களுக்காகவே சேதிகளைத் தேடித் தேடிப் பிடித்து வந்திருக்கிறேன். ஆரம்பமே புனேவிலிருந்து!

பௌர்ணமி ராத்திரியில் சனிவார்வாடா கோட்டைப் பக்கம் போகாதே என்று எச்சரிக்கும் புனேக்காரர்கள் இன்றும் உண்டு! "சித்தப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்" என்று மராத்தியில் ஒரு குரல் அலறுமாம். அலறுகிறவரின் வயது வெறும் 18!

அவர்தான் நாராயணராவ் பேஷ்வா. பேஷ்வா என்றால் மராட்டியப் பேரரசின் பிரதமர். பதவியில் இருந்தது ஒரு வருஷம்கூட இல்லை. கொலை நடந்த நாள் 1773 ஆகஸ்ட் 30. வெட்டியது எதிரிப் படை அல்ல, அரண்மனைக் காவலர்களேதான்! பழி விழுந்தது சித்தப்பா ரகுநாதராவ் மேல். 250 வருஷம் தாண்டியும் ஊர் அந்த அலறலை மறக்கவில்லை!

நாராயணராவின் மகன் சவாய் மாதவராவ் பிறந்ததே அப்பா செத்த பிறகுதான். 1795-ல் அதே சனிவார்வாடாவின் மாடத்திலிருந்து விழுந்து அவரும் போய்ச் சேர்ந்தார். வயது 21!

அந்தக் கோட்டையைக் கட்ட ஆன செலவு எவ்வளவு தெரியுமா? 16,110 ரூபாய்! 1732-ல் கட்டி முடித்தார்கள். 1828-ல் தீப்பிடித்து ஏழு நாள் எரிந்தது. மரமெல்லாம் சாம்பல். பயம் மட்டும் அப்படியே நிற்கிறது!

அதே புனேவில் லா காலேஜ் ரோட்டில் இருக்கிறது பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனம். 1917-ல் தொடங்கியது. இங்கே உள்ள 30 ரிக்வேதச் சுவடிகளை யுனெஸ்கோ 2007-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது! அதில் ஒன்று காஷ்மீரத்திலிருந்து வந்தது, மரப்பட்டையில் எழுதியது!

ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 164-வது பாட்டு எதற்குத் தெரியுமா? கெட்ட கனவை விரட்டுவதற்கு! ஐந்தே ஐந்து மந்திரங்கள். மனிதன் மூவாயிரம் வருஷமாக இதற்கு மருந்து தேடுகிறான்!

நம்மவர்கள் மட்டும் சளைத்தவர்களா? கனவுக்கென்றே தமிழில் தனி நூல் இருக்கிறது. பெயர் 'கனா நூல்', எழுதியவர் பொன்னவன்! முதல் சாமத்தில் கண்ட கனவு பலிக்க ஒரு வருஷம், நான்காம் சாமத்துக் கனவு பலிக்கப் பத்தே நாள் என்று கணக்கே போட்டு வைத்திருக்கிறார்!

நான்காம் சாமத்துக் கனவுக்கு ஏன் அவ்வளவு மவுசு? விஞ்ஞானம் சொல்வதைக் கேளுங்கள். கனவு செறிந்த 'ரெம்' தூக்கம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். ராத்திரியின் முதல் சுற்று சில நிமிடம்தான். விடியற்காலைச் சுற்று அரை மணிக்கும் மேல்! கெட்ட கனவுகள் பெரும்பாலும் பின்னிரவில் வருவது இதனால்தான்!

சிலப்பதிகாரத்தில் கெட்ட கனவுக்கென்றே ஒரு காதை இருக்கிறது, ஒன்பதாவது! வரப்போகும் அநியாயத்தைக் கனவில் கண்டு நடுங்கிய கண்ணகி, மனசுக்குள் பூட்டி வைக்கவில்லை. தோழி தேவந்தியிடம் கொட்டிவிட்டாள். இன்றைக்கு மனநல ஆலோசகரிடம் போனால் முதலில் அவர் கேட்பதும் அதையேதான்: என்ன கனவு, சொல்லுங்கள்!

பாண்டிமாதேவிக்கும் வந்தது. செங்கோல் சாய்ந்தது, வெண்கொற்றக்குடை விழுந்தது, ராத்திரியில் வானவில் தோன்றியது. அவரும் ஓடிப்போய் ராஜாவிடம் சொன்னார்! இரண்டு கெட்ட கனவு, ஒரே காப்பியம்!

'ரெம்' தூக்கத்தைக் கண்டுபிடித்தது எப்படி என்று கேட்டால் அசந்துபோவீர்கள். சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், தன் 8 வயது மகனின் கண்ணோரத்தில் ஒயரை ஒட்டித் தூங்க வைத்தார். நடுராத்திரியில் கருவியின் முள் தாறுமாறாக ஆடியது! பையன் விழித்துக்கொண்டானா என்று எட்டிப் பார்த்தால், அயர்ந்த தூக்கம். மூடிய இமைக்குள் கண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன! 1953-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள்.

'ரெம்' தூக்கத்தில் உங்கள் கை கால்கள் கட்டிப்போட்ட நிலையில் இருக்கும் தெரியுமா? மூளையே போடும் கட்டு! கனவில் நீங்கள் ஓடினாலும் கட்டிலில் கால் ஓடாது. கண்ணுக்கும் மூச்சுக்கும் மட்டும் விதிவிலக்கு!

பிரான்சில் மிஷேல் ஜூவே என்ற விஞ்ஞானி, பூனைகளின் மூளையில் அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். தூங்கும் பூனை எழுந்து நின்றது. கண்ணுக்குத் தெரியாத எதிரி மேல் பாய்ந்தது. தூக்கம் கலையவே இல்லை!

சில நேரம் கட்டு அவிழ்வதற்கு முன்னால் கண் விழித்துவிடும். அசைய முடியாது. கத்த வராது. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். இதைத்தான் நம் ஊரில் அமுக்குவான் பேய் என்றார்கள்! தலைமாட்டில் இரும்பும் விளக்குமாறும் வைத்துக்கொண்டு படுத்தார்கள். இதே அனுபவத்தை ஜப்பான்காரர்களும் சொல்கிறார்கள், கனடாவின் மீனவர்களும் சொல்கிறார்கள். உலகம் முழுக்க ஒரே பேய்!

ஹென்றி ஃபியூசெலி 1781-ல் வரைந்த ஓவியத்தில் தூங்கும் பெண்ணின் மேல் ஒரு குட்டிப் பேய் குந்தியிருக்கிறது. அசல் அமுக்குவான்! பார்க்க ஆசையா? அமெரிக்காவில் டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது.

36,000-க்கும் மேற்பட்டவர்களின் கணக்கை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். பொதுமக்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு வாழ்க்கையில் ஒருமுறையாவது இந்த அமுக்கல் வந்திருக்கிறது. மாணவர்களில்? 28 சதவீதம்! புனே ஹாஸ்டல்களில் படிக்கிற தம்பி, தங்கைகளே, நீங்கள் தனி ஆள் இல்லை!

இன்னொரு ரகசியம். அமுக்கல் அதிகம் வருவது மல்லாந்து படுக்கும்போது! ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் பதறாதீர்கள். ஒரு விரல் நுனியை மட்டும் ஆட்டப் பாருங்கள், மூச்சை நிதானமாக விடுங்கள். அதுவே விலகிவிடும். ஆயுசு சில விநாடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள்தான்!

புது ஊர், புது அறை, முதல் ராத்திரி. தூக்கமே பிடிக்கவில்லையா? காரணத்தை 2016-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம் கண்டுபிடித்தது. முதல் ராத்திரியில் மூளையின் இடது பாதி முழுசாகத் தூங்குவதில்லை, காவல் காக்கிறது! சென்னையிலிருந்து புனேவின் ஹிஞ்சவடிக்கு வேலைக்குப் போய் இறங்கியவர்களே, உங்கள் அரை மூளை டியூட்டியில் இருந்திருக்கிறது!

தூங்கப் பயந்த ஊர்கள் மகாராஷ்டிராவிலேயே இருந்தன. 1993 செப்டம்பர் 29, விநாயகர் விசர்ஜன நாள். லாத்தூர் மாவட்டம் கில்லாரி. பிள்ளையாரைக் கரைத்துவிட்டு அலுத்துக் களைத்து ஊரே படுத்தது. மறுநாள் அதிகாலை 3 மணி 56 நிமிடத்துக்குப் பூமி குலுங்கியது. கனத்த கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர்கள் தூங்கியவர்கள் மேலேயே சரிந்தன. அரசுக் கணக்கிலேயே இறந்தவர்கள் 7,900-க்கும் மேல்!

அதற்கப்புறம் என்ன ஆனது தெரியுமா? தப்பியவர்கள் கூரைக்குக் கீழே படுக்க மறுத்தார்கள். வீடு நின்றாலும் வெட்டவெளியில்தான் பாய் விரித்தார்கள். அவர்களைக் கோழை என்று யாரால் சொல்ல முடியும்? தூங்கும்போது அடிபட்டவரின் மனசு தூக்கத்தையே ஆபத்து என்று குறித்து வைத்துக்கொள்ளும். உங்களுக்கும் அப்படி ஒரு காரணம் இருக்கலாம்!

சரி, தூங்காமலே இருந்துவிட்டால்? 1964-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் 17 வயது ராண்டி கார்ட்னர் அதைச் செய்து காட்டினார். 264 மணி நேரம், முழுசாக 11 நாள்! இந்த விபரீதச் சாதனையைக் கின்னஸ் இப்போது பதிவு செய்வதே இல்லை!

முக்கியமான விஷயம் இனிமேல்தான். கனவுத் தூக்கத்தைத் தடுத்தால் மூளை அதை வட்டியோடு வசூலிக்கும்! வில்லியம் டிமென்ட் 1960-லேயே சோதித்துச் சொல்லிவிட்டார். கனவுக்குப் பயந்து விழித்திருக்கிறீர்களா? அடுத்த ராத்திரி கனவு இன்னும் கூடுதலாக வரும்!

மதுவும் அதே கதைதான். குடித்துவிட்டுப் படுத்தால் முன்னிரவில் கனவு அடங்கும். பின்னிரவில் மொத்தமாகத் திரண்டு வரும்!

புனே அம்ருத்துல்யா டீக்கடையில் இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டுக் கொதிக்கும் டீயின் வாசனைக்கு மயங்காதவர் யார்? ஆனால் கடிகாரத்தைப் பாருங்கள். குடித்து சுமார் 5 மணி நேரம் ஆனாலும் கஃபைனில் பாதி உடம்பிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்! மாலை 6 மணி டீ, ராத்திரி 11 மணிக்கும் அரை டீ!

யோகாசன மேதை பி.கே.எஸ். ஐயங்கார் புனேவுக்கு வந்தது 1937-ல். உலகப் புகழ் வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹின் 1952-ல் இந்தியா வந்தபோது அவரைச் சந்தித்தார். உடம்பு அசதி, தூக்கம் சரியாக வருவதில்லை என்று மெனுஹினுக்குப் புலம்பல். ஐயங்கார் படுக்க வைத்தார். கண்ணையும் காதையும் விரலால் மெல்ல மூடினார். ஒரே நிமிடத்தில் மெனுஹின் குறட்டை விட்டாராம்!

பிற்பாடு ஐயங்காருக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசு கொடுத்தார் மெனுஹின். அதில் பொறித்திருந்தது என்ன தெரியுமா? என்னுடைய மிகச் சிறந்த வயலின் ஆசிரியருக்கு என்று! ஐயங்கார் சொல்லிக் கொடுத்ததோ யோகா!

குழந்தை நடுராத்திரியில் கண்ணைத் திறந்தபடியே வீறிடுகிறதா? அணைத்தாலும் உங்களை அடையாளம் தெரியவில்லையா? அது கனவே இல்லை! ஆழ்ந்த தூக்கத்தில் வருகிற அலறல். படுத்த முதல் சில மணி நேரத்திலேயே வந்துவிடும். உலுக்கி எழுப்பாதீர்கள், அடிபடாமல் பக்கத்தில் இருங்கள். காலையில் கேளுங்கள், குழந்தைக்கு ஒன்றுமே ஞாபகம் இருக்காது!

பிறவியிலேயே பார்வையில்லாதவர்களுக்குக் கெட்ட கனவு வருமா? நம்மைவிட அதிகமாகவே வருகிறது! 2014-ல் டென்மார்க்கில் கணக்கெடுத்தார்கள். பார்வையுள்ளவர்களின் கனவுகளில் கெட்டவை சுமார் 6 சதவீதம். பிறவிப் பார்வையற்றவர்களுக்கு? 25 சதவீதம்!

தூங்கும்போது மூக்கும் வேலை செய்கிறது! ஜெர்மனியில், தூங்குகிறவர்களின் மூக்கருகே ரோஜா மணத்தை விட்டார்கள். கனவு இனித்தது. அழுகிய முட்டை நாற்றத்தை விட்டார்கள். கனவு கசந்தது!

குறட்டையும் கெட்ட கனவும் கூட்டாளிகள் தெரியுமா? மூச்சு தடைப்பட்டுத் தடைப்பட்டுத் தூங்குகிறவர்களுக்குக் காற்று செலுத்தும் முகமூடி மாட்டிப் பார்த்தார்கள். போர் அதிர்ச்சிக்கு ஆளான அமெரிக்க முன்னாள் வீரர்களிடம் கெட்ட கனவுகள் பாதியாகக் குறைந்தன!

மாத்திரைகளும் கனவைக் கெடுக்கும்! மலேரியாவுக்குத் தரும் மெஃப்ளோகுயின், ரத்த அழுத்தத்துக்கான புரோபிரனலால் இரண்டுக்கும் அந்தப் பெயர் உண்டு. புது மாத்திரை தொடங்கிய பிறகு கனவு மாறியதா? நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள்!

1970-களின் கடைசியில் அமெரிக்காவில் குடியேறிய மோங் இன அகதிகள் தூங்கப் பயந்தார்கள். திடகாத்திரமான இளைஞர்கள் படுத்த இடத்திலேயே செத்துக் கிடந்தார்கள். 100 பேருக்கும் மேல்! ஆவி வந்து அமுக்கியது என்று கிலி பரவியது. பத்திரிகையில் அதைப் படித்து வெஸ் கிரேவன் எடுத்த படம்தான் 1984-ன் 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்'!

உண்மைக் காரணமாக இன்று டாக்டர்கள் சந்தேகிப்பது இதயத்தின் மின்னோட்டக் கோளாறை. 1992-ல் புருகாடா சகோதரர்கள் அதை விவரித்தார்கள். கண்டுபிடிக்க உதவுவது? சாதாரண ஈ.சி.ஜி.! கனவு யாரையும் கொல்லவில்லை, நிம்மதியாகப் படுங்கள்!

கெட்ட கனவால் கொழித்தவர்களும் இருக்கிறார்கள். எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் தூக்கத்தில் அலறினார், மனைவி உலுக்கி எழுப்பினார். நல்ல பேய்க்கதை ஓடிக்கொண்டிருந்ததே, ஏன் எழுப்பினாய் என்று சண்டை! அந்தக் கனவுதான் 1886-ல் ஜெக்கில், ஹைட் கதையாக வந்தது! சினிமா இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனுக்கு ரோமில் காய்ச்சல். தீயிலிருந்து ஓர் உலோக எலும்புக்கூடு எழுந்து வருகிற மாதிரி கனவு. கிடைத்தது 'டெர்மினேட்டர்'!

கனவுக்குள்ளிருந்தே வெளியுலகத்துக்குச் சேதி அனுப்ப முடியுமா? முடியும்! 1975-ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆலன் வோர்ஸ்லி என்பவர் தூங்கிக்கொண்டே, முன்பே பேசி வைத்தபடி கண்களை இடமும் வலமும் ஆட்டிக் காட்டினார். இது கனவு என்று கனவிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது!

இப்போது நான் தேடிப் பிடித்ததிலேயே பெரிய பொக்கிஷம். கெட்ட கனவைப் பேப்பரில் திருத்தி எழுதினால் அது குறைகிறது! வேண்டியது ஒரு நோட்டு, ஒரு பேனா!

லிஃப்ட் அறுந்து விழுகிற கனவு அடிக்கடி வருகிறதா? ராத்திரியில் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள். எழுதுங்கள்: பொத்தானை அமுக்கினேன், கதவு மூடியது, கம்பி அறுந்தது. நிறுத்துங்கள்! இந்த இடத்திலிருந்து கதையை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றுங்கள். லிஃப்ட் மெதுவாக இறங்குகிறது. கதவு திறக்கிறது. எதிரே உங்கள் ஊர்க் குளக்கரை. படித்துறையில் பாட்டி முறுக்குத் தூக்கோடு உட்கார்ந்திருக்கிறார், இவ்வளவு நேரமா என்று கேட்கிறார்! நம்பும்படி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்களுக்குப் பிடித்திருந்தால் போதும்!

அப்புறம்? தினமும் 10 அல்லது 20 நிமிடம் புதிய கதையை மட்டும் மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். பழைய கதைக்கு அனுமதி கிடையாது! ரொம்பக் கொடூரமான கனவில் ஆரம்பிக்காதீர்கள், சின்னதில் கை பழகுங்கள். நிஜத்தில் நடந்த கொடுமைதான் கனவாக வருகிறது என்றால் தனியாக முயலாதீர்கள், ஆலோசகர் பக்கத்தில் இருக்கட்டும்.

வேலை செய்கிறதா? பாரி கிராக்கோ என்ற டாக்டரின் குழு, பாலியல் கொடுமைக்கு ஆளாகிக் கெட்ட கனவுகளோடு போராடிய 168 பெண்களை ஆய்வில் சேர்த்தது. பயிற்சி பெற்றவர்களுக்குக் கெட்ட கனவு குறைந்தது, தூக்கம் சீரானது. முடிவு 2001-ல் வெளியானது. சொல்லிக் கொடுக்க ஆனது எத்தனை அமர்வு? மூன்றே மூன்று!

ஜெனீவாக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்! 36 பேருக்கு இதே திருத்தி எழுதும் பயிற்சி. அதில் பாதிப் பேர், புதிய கதையை மனசில் ஓட்டும்போது ஒரு பியானோ ஒலியையும் சேர்த்துக் கேட்டார்கள். ராத்திரி தலைப்பட்டை மாட்டிக்கொண்டு எல்லோரும் தூங்கினார்கள். 'ரெம்' தூக்கம் வந்ததும் 10 விநாடிக்கு ஒருமுறை அதே பியானோ ஒலி!

இரண்டு வாரம் கழித்து எண்ணினார்கள். பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கு வாரத்துக்குச் சராசரி 2.94 கெட்ட கனவு இருந்தது 1.02 ஆனது. பியானோவும் சேர்ந்தவர்களுக்கு? 2.58 இருந்தது 0.19-க்கு இறங்கியது! ஆய்வு வெளியான வருஷம் 2022!

கைக்கடிகாரமும் கனவோடு மல்லுக்கு நிற்கிறது! தூங்கும்போது நாடித் துடிப்பையும் அசைவையும் கவனிக்கும். கெட்ட கனவு என்று சந்தேகம் வந்தால் மணிக்கட்டில் மெல்ல அதிரும். கனவு கலையும், தூக்கம் கலையாது! 'நைட்வேர்' என்ற இந்தக் கருவிக்கு அமெரிக்க அரசு 2020 நவம்பரில் அனுமதி கொடுத்தது!

படுத்தும் தூக்கம் வராமல் பயத்தோடு புரள்கிறீர்களா? சுமார் 20 நிமிடம் ஆகிவிட்டது என்று தோன்றினால் எழுந்துவிடுங்கள்! வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கும்போது மட்டும் திரும்பி வாருங்கள். கட்டில் என்றாலே பயம் என்கிற முடிச்சை இது அவிழ்த்துவிடும். ரிச்சர்ட் பூட்சின் 1972-ல் சொன்ன வழி, இன்றைக்கும் டாக்டர்கள் கைவிடவில்லை!

ராத்திரி மூன்று மணிக்கு வியர்த்து விறுவிறுத்து எழுந்தால் யாரிடம் பேசுவது? 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' மனநலத் தொலைபேசி உதவி இருக்கிறது! 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது. பேசும் மொழிகள் 20, அதில் தமிழும் ஒன்று! இதுவரை வந்த அழைப்புகள் 20 லட்சத்துக்கும் மேல். மராத்தி தெரியாமல் புனேவில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறீர்களா? போனில் இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள். வெறும் ஐந்து இலக்கம்: 14416!